ஆயுத பூசைக்கு நான் அணைத்து வைத்த போர்டு

யசோதினியைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய குறையில் இருந்துதான் தொடங்க வேண்டும். நல்லதை மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடுவாள். ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும், மீதியை நாம்தான் இழுத்து எடுக்க வேண்டும். மூன்று வருஷமாக என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். இன்றைக்கு வரைக்கும் என் சட்டிகளில் நாலைக் கருக்கியிருக்கிறாள்.

ஊர் மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். அப்பா இல்லை. லயத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் இருந்து படித்து, பேராதனைக் கெம்பஸ் வரைக்கும் போய், கம்பியூட்டர் படிப்பு முடித்தவள். அந்தத் தோட்டத்தில் கெம்பஸ் போன முதல் பொம்பளைப் பிள்ளை இவள்தான் என்று அவளுடைய அம்மா ஒரு தடவை வந்திருந்தபோது சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். இவளிடம் கேட்டால் "ஆமா" என்பதோடு சரி.

நான் பாலம்மா. கண்டி மஹியாவவில் சொந்த வீடு. முப்பத்தொரு வருஷம் கண்டி டவுனில் ரோடு கூட்டினேன். புருஷன் மூக்கையா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் நம்பர் பார்த்து ஏறத் தெரியும், அவ்வளவுதான். அவர் போன பிறகு முன்னறையை வாடகைக்கு விட்டேன். முதலில் வந்த இரண்டு பேரையும் நானே விரட்டினேன். மூன்றாவதாக வந்தவள் இவள்.

இவளுடைய மேசையில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கும். போர்டு என்பாள். நடுவில் சீப்பு மாதிரிப் பல்லுப் பல்லாக ஒரு வெள்ளித் தகடு. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரியும். கொம்பனி கொடுத்தது, வீட்டில் வைத்தும் வேலை செய்யலாம் என்று. நான் அந்த மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏ புள்ள, மத்த பொண்ணுங்க பேங்குல இருக்கேன், ஆஸ்பத்திரில இருக்கேன்னு சொல்லுதுங்க. நீ என்ன வேலதான் செய்ற? கேக்கிறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அன்றைக்கு அதிசயமாக முழுப் பதில் வந்தது. கம்பியூட்டருடைய ஞாபகத்தைச் சின்னச் சின்னப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலக்கம் போட்டு வைக்கிறார்களாம். அந்த இலக்கத்துக்கு டேக் என்று பேர். பெட்டியைத் திறக்க வருகிறவன் கையிலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். இலக்கம் வேறாக இருந்தால், இவன் தன் பெட்டிக்கு வரவில்லை, வேறு யாருடையதையோ கிளற வந்திருக்கிறான் என்று மெஷினே பிடித்துவிடும்.

"அந்தப் பெட்டிய செய்றது நீயா?"

"இல்ல பெரியம்மா. டிபக்கர்னு ஒன்னு இருக்கு. ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம நிப்பாட்டி உள்ளுக்கு எட்டிப் பாக்கிற இன்னொரு புரோகிராம். எங்க பிழைன்னு தேடுறவங்க அத வச்சுத்தான் பாப்பாங்க. இந்த டேக்கு விசயத்தில அது உண்மையச் சொல்லுதான்னு நான் பாக்கணும்."

"எப்பிடிப் பாப்ப?"

"வேணும்னே பிழையான டேக்கு ஒன்ன வைப்பேன். வச்சிட்டு, இது சரியான்னு அதுகிட்ட கேப்பேன். அது பிழைன்னு சொல்லணும்."

"அப்ப நாள் முழுக்க ஏமாத்துறதுக்குத்தான் ஒனக்குச் சம்பளமா?"

"ஆமா," என்றாள். சிரிக்கக்கூட இல்லை. "அது ஏமாந்திச்சின்னா எனக்கு அன்னிக்கு நல்ல நாள்."

இந்த வேலைக்கு அவள் சித்திரையில்தான் சேர்ந்தாள். பேராதனை ரோட்டில் ஒரு மாடியில் இருக்கும் சின்னக் கொம்பனி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்தரை மாதம் முடிந்த நேரத்தில் வெளிநாட்டில் இருந்து ஒரு முறைப்பாடு வந்தது. அங்கே அந்த டிபக்கரைப் பாவிக்கிறவர்களுக்கு மூன்று தடவை அது பிழையான டேக்கைப் பார்த்துவிட்டு "சரி" என்று சொல்லியிருக்கிறது. எப்போது அப்படிச் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம், அதற்குள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அவளுக்கு மேலே இருக்கிறவர் அம்ஜத். அக்குறணைக்காரர். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் பயந்தவர். இந்தத் தடவை பிடிக்காவிட்டால் வேலை கொழும்பில் இருக்கும் வேறு ஆட்களுக்குப் போய்விடும், உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் மேலே கேட்கவும் முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டார். அதை அவள் ரொட்டி தின்றுகொண்டே என்னிடம் சொன்னாள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். சாப்பாட்டை வீணாக்காத பிள்ளை அவள். அப்போதுதான் எனக்கு விஷயத்தின் பாரம் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவள் போர்டை ஓட விட்டாள். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பத் தானாகவே செய்யும்படி வைத்திருந்தாள். டிபக்கர் ஒழுங்காகப் பிழையைப் பிடித்தால் திரையில் ஒரு பச்சை வரி. ஏமாந்தால் சிவப்பு வரி. திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. ஆயிரக்கணக்கில் பச்சை. அவள் முகம்தான் வெளுத்துக்கொண்டு வந்தது.

புதன்கிழமை ஆயுத பூசை. அவள் காலையிலேயே ஒபிசுக்குப் போய்விட்டாள். போர்டு ஓடிக்கொண்டிருந்தது.

முனிசிபல் வேலையில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் என் விளக்குமாறு ஓய்ந்து கிடக்கும். அதைக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கைவண்டியோடு சேர்த்துச் சுவரோரம் சாத்தி வைப்போம். அடுத்த நாள் காலையில் கற்பூரம் காட்டும் வரைக்கும் யாரும் தொடமாட்டோம். எனக்குக் கிடைக்காத லீவு என் விளக்குமாற்றுக்குக் கிடைத்தது. பென்ஷன் வந்த பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் இருக்கும் கத்தி, தேங்காய் துருவும் திருவலை, அம்மி, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன்.

அன்று பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு முன்னறையை எட்டிப் பார்த்தேன். இவளுக்குச் சோறு போடுவது இந்தப் போர்டுதானே, இதை மட்டும் விட்டால் எப்படி என்று தோன்றியது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆயுதத்துக்கு எப்படிப் பூசை வைப்பது? சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அந்த வெள்ளித் தகட்டில் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் இரண்டு செவ்வந்திப் பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் நின்றாள்.

"பெரியம்மா, இத யாரு ஓஃப் பண்ணினது?"

"நான்தான். இன்னிக்கு என்ன நாளுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"இது நாலு நாளா ஓடுது பெரியம்மா. நடுவில நிக்கக்கூடாது."

"அத நீ போறப்ப சொல்லியிருக்கணும். நான் என்ன சோசியக்காரியா?"

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். கையைச் சுவிட்சுப் பக்கம் கொண்டு போனாள்.

"தொடாத," என்றேன். "வச்சது வச்சதுதான். காலைல கற்பூரம் காட்டிட்டுத்தான் எடுக்கணும்."

"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு."

"இருக்கட்டும். ஒங்கம்மா தோட்டத்தில இன்னிக்குத் தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தொடுவாளா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தோட்டத்துப் பிள்ளைதானே. என் பிடிவாதம் எனக்கே தெரியும். அன்று நான் செய்தது நியாயம் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவள் அன்று சாப்பிடவில்லை. நானும் வைத்த சோற்றை அப்படியே மூடினேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கற்பூரம் காட்டினேன். பூவை எடுத்தேன். அவள் போர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். சோதனையை ஓட விட்டாள். முதல் வரி சிவப்பு.

இரண்டாவது பச்சை. மூன்றாவது பச்சை. அதற்குப் பிறகு எல்லாம் பச்சை.

"என்னடி, ஏமாந்திருச்சா?" என்று கேட்டேன்.

"ஏமாந்திருச்சு. ஆனா ஏன்னு தெரியல. ஒங்க சந்தனத்தாலயும் இருக்கலாம்."

அவள் அம்ஜத்துக்கு ஃபோன் போட்டாள். சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டுப் போர்டைத் துடைத்துக்கொண்டே பேசினாள். நான் வாசலில் நின்று கேட்டேன். என் வீடு, கேட்காமல் எங்கே போவது.

"சந்தனமா?" என்றார் அம்ஜத். "புள்ள, அத வெளியில சொல்லாதீங்க. கரண்ட் போச்சின்னு எழுதுங்க. கண்டியில மழ, யாரும் கேக்க மாட்டாங்க. அந்தச் செவப்பு ஒன்னையும் கணக்கில எடுக்காதீங்க, சந்தனம் பட்ட போர்டு."

"சேர், கரண்ட் போகல. கரண்ட் போச்சின்னு எழுதினா அவங்க அதத் தேடுவாங்க. இல்லாதத எதுக்குத் தேட வைக்கணும்?"

"உண்மைய எழுதினா சிரிப்பாங்க, விளங்குதா? எங்கட ஒபிச எப்பிடிப் பாப்பாங்க?"

"சிரிக்கட்டும் சேர். எத்தின மணிக்கு ஓஃப் ஆனது, எத்தின மணிக்கு ஓன் ஆனது, எங்க சந்தனம் பட்டது, எல்லாத்தையும் எழுதி அனுப்புறேன்."

ஃபோனை வைத்ததும் நான் உள்ளே போனேன்.

"என் பேரையும் போடப் போறியா?"

"வீட்டுக்காரம்மா பூசைக்காக ஓஃப் பண்ணினாங்கன்னு போடுவேன்."

"வெள்ளைக்காரன் பாக்கிற எடத்திலயா? நான் ஒனக்கு என்ன பாவம் பண்ணினேன்? முப்பத்தொரு வருசம் ரோடு கூட்டினேன், ஒருத்தன் என்னப் பத்தி ஒரு முறைப்பாடு எழுதினதில்ல."

"இது முறைப்பாடு இல்ல பெரியம்மா. நடந்தது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குசினிக்குப் போய்ச் சட்டிகளை உருட்டினேன். அந்த மாதத்தோடு அறையைக் காலி பண்ணச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் உருட்டிக்கொண்டே யோசித்தால், அவள் சொன்னதில் நான் மறுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. நான்தான் அணைத்தேன். நான்தான் திரும்பப் போடவிடாமல் தடுத்தேன். கரண்ட் போனது என்று அவள் எழுதினால் எனக்குத்தான் அது வசதி.

ஒன்பது மணிபோல் அவளே குசினிக்கு வந்தாள்.

"பெரியம்மா, சந்தனமா இல்லையான்னு பாக்கணும். துடைச்சாச்சு. இப்ப திரும்ப ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும். நான் ஸ்கிரீனப் பாக்கணும். சுவிட்ச நீங்க போடுங்க."

நேற்று அவளுடைய நாலு நாள் வேலையை அணைத்த கை இது. அதையே திரும்பச் சுவிட்சில் வைக்கச் சொல்கிறாள். நான் சுவிட்சுப் பக்கம் போய் நின்றேன்.

அணைத்தேன். போட்டேன். பச்சை. அணைத்தேன். போட்டேன். பச்சை. ஆறு தடவை செய்தோம், ஆறும் பச்சை.

"அப்ப சந்தனம்தான்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள், தான் எழுதி அனுப்பியதைத் திறந்து வாசித்தாள். அதில் நேரம் இருந்தது. காலை பதினொரு மணிக்கு ஓஃப். மறுநாள் ஆறு மணிக்கு ஓன்.

"நேத்து பத்தொன்பது மணித்தியாலம் ஓஃபா இருந்திருக்கு," என்றாள் மெதுவாக. "இப்ப நாம பத்து செக்கன்கூட விடல."

பிறகு அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கால் மணி நேரம் விட்டுப் போட்டோம், பச்சை. நாற்பது நிமிஷம் விட்டுப் போட்டோம்.

சிவப்பு.

அவள் எழும்பவில்லை, கத்தவில்லை. "இன்னொருக்கா," என்றாள்.

அன்று முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. நாற்பது நிமிஷம் அணைத்து வைக்க வேண்டும், பிறகு போட வேண்டும். அவள் அதற்கிடையில் ஒபிசில் இருக்கிறவர்களோடு ஃபோனில் பேசினாள், எழுதினாள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மா சீனி கேட்டு வந்தாள், பொறு என்று வாசலில் நிற்க வைத்தேன். பதினொரு தடவை செய்தோம். ஒன்பது சிவப்பு, இரண்டு பச்சை. அந்த இரண்டு பச்சையையும் அவள் ஒளிக்கவில்லை, அதையும் எழுதினாள்.

காரணத்தையும் கண்டுபிடித்தாள். எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். போர்டுக்குள் ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறதாம். கரண்ட் இல்லாமல் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு நின்றுவிடும். அது நின்றுபோனால், அடுத்த தடவை போர்டு முழுதாக எழும்பக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். அது கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே டிபக்கர் வந்து, "உன்னிடம் டேக் இருக்கிறதா?" என்று கேட்கிறது. தூக்கக் கலக்கத்தில் "இல்லை" என்று பதில் வருகிறது. டேக்கே இல்லையென்றால் பிழையான டேக் எங்கே இருந்து வரும்? அந்தத் தடவை முழுக்க டிபக்கர் ஒன்றையும் பார்க்காமலே "சரி, சரி" என்று தலையாட்டிவிடுகிறது. அடுத்த தடவை புதுசாகக் கேட்கும்போது போர்டு நன்றாக விழித்திருக்கும், உண்மையான பதில் வரும்.

"இது ஒரு வேலைக்காரனா?" என்றேன். "பாக்காமலே சரின்னு சொல்றவன் எங்க முனிசிபல்லயும் ஒருத்தன் இருந்தான்."

"அதான் பிழை பெரியம்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். சரின்னு சொல்லக்கூடாது."

வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டத்தை அவள் வீட்டில் இருந்தே பேசினாள். அம்ஜத் ஒபிசில் இருந்து பேசினார். இங்கிலீசு எனக்குப் புரியாது. ஆனால் சிரிப்புக்குப் பாஷை வேண்டாம். யாரோ ஒரு பொம்பளை சிரித்தது கேட்டது. பூசைக் கதை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன்.

பிறகு யசோதினி என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் எழுதின மாதிரி அவங்க போர்ட ஓஃப் பண்ணி வச்சிருந்தாங்களாம். இப்ப போடுறாங்க."

அவள் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. நான் சாமியைக் கும்பிடவில்லை. பூசை பண்ணித்தான் இவ்வளவும் ஆனது, திரும்பவும் அவரைத் தொந்தரவு பண்ண எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல் ஏதோ சொன்னது. அந்தப் பொம்பளையும் சொன்னாள். இப்போது சிரிப்பு இல்லை. யசோதினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

"என்னடி, என்ன சொல்லுதுங்க?"

"செவப்பு வந்திருச்சாம்."

அவர்களுடைய இடத்தில் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் போர்டுகளை அணைத்துவிட்டுத்தான் போவார்களாம். காலையில் முதல் சோதனையில்தான் அந்த மூன்று தடவையும் ஏமாந்திருக்கிறது. எங்கள் பக்கம் இவள் போர்டை அணைத்ததே இல்லை. அதனால்தான் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டியும் அகப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்ஜத் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடித உறை, இன்னொரு கையில் அவருடைய மனைவி ருஷ்தா இனிப்பாகச் செய்து கொடுத்த வட்டிலப்பம். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"பாலம்மா நீங்கதானே?"

"ஆமா. போர்டுக்குப் பொட்டு வச்ச கெழவி நான்தான். உள்ள வாங்க."

"நான்தான் கரண்ட் போச்சின்னு எழுதச் சொன்னன்," என்றார். "புள்ள கேக்கல்ல. நல்ல வேள."

"நானும் அதத்தான் எழுதச் சொன்னேன், வாயால சொல்லல, அவ்வளவுதான். ஒக்காருங்க. தேத்தண்ணி நான் போடுறேன். அவ போட்டா குடிக்க ஏலாது."

கடிதத்தை யசோதினி ஒரே பார்வையில் வாசித்தாள். நிரந்தரமாக்கியிருந்தார்கள். அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. இவள் "ஆமா, ஆமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

நன்றி என்று நான் யாருக்கும் வாயால் சொல்லிப் பழகவில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை. ரோடு கூட்டுகிறவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள். ஆனால் அம்ஜத் போன பிறகு, அவள் வட்டிலப்பத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை என்று எனக்குப் பட்டது. அவளுடைய நாலு நாளை நான் கெடுத்தேன். அவள் என்மேல் எரிந்து விழவில்லை. நான் செய்ததை ஒளிக்கவும் இல்லை, கூட்டியும் சொல்லவில்லை. மறுநாளே என் கையை நம்பிச் சுவிட்சைக் கொடுத்தாள். மூக்கையா போன பிறகு என்னை நம்பி ஒருத்தரும் ஒரு வேலையும் தந்ததில்லை.

"ஏ புள்ள," என்றேன். "கரண்டு போச்சின்னு நீ எழுதியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். ஒனக்கு இந்தக் கடுதாசி வந்திருக்காது. நீ உள்ளத எழுதினதுக்கு நன்றி."

அவள் திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்து சவர்க்காரத் தண்ணி சொட்டியது.

"பயந்துக்கிட்டேதான் எழுதினேன் பெரியம்மா."

"யாருக்கு? அம்ஜத் சேருக்கா?"

"அவருக்கு என்ன பயம்," என்றாள். "ஒங்களுக்குத்தான்."